ஜன்னலக்கா வெப்சைட் போட்ட கதை

ஜன்னலக்காவுக்கு மனுஷர் முகம் மறந்துபோகும், ஜன்னல் மறக்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று முழிப்பாள். "போன மாசம் திரை தச்சுக் குடுத்தீங்களே" என்றாலும் விளங்காது. "பச்சைத் துணி, பக்கத்துல ஏசி" என்று சொல்லிவிட்டால் போதும், "அட, நீங்களா!" என்று முகம் மலர்ந்துவிடும். திரைச்சீலை தைப்பது அவள் தொழில். என்னைவிட இளையவள்தான், ஊருக்கே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. பக்கத்துக் கடை என்னுடையது. திரை மாட்டும் கம்பி, வளையம், ஆணி, பெயின்ட் விற்கிறேன். அவள் தைத்தால்தான் என் கம்பி போகும். அதனால் அவள் கடை விஷயத்தில் மூக்கை நுழைக்க எனக்கு உரிமை உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மிஷின் ஓடும்போது அவள் போன் எடுக்க மாட்டாள். நீளத் தையலை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் துணி சுருங்கும், தொங்கவிட்டதும் காட்டிக்கொடுக்கும் என்பாள். மிஷினோ விடிந்தால் அடைந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். கணவர் கப்பலில் சமையல்காரர், அவர் கூப்பிட்டாலும் இதே கதிதான். கடைசியில் கடை போனைத் தம்பி கையில் கொடுத்துவிட்டாள்.

தம்பி கெட்டவன் இல்லை, கைராசி இல்லாதவன். செல்போன் கடை வைத்தான், மூடினான். டிராவல்ஸ் வைத்தான். கார் ஓடவில்லை, கடன்காரர்களுக்குப் பயந்து இவன்தான் ஓடினான். அக்காதான் கூப்பிட்டு, வீடு வீடாகப் போய் அளவெடுக்கவும் திரை மாட்டவும் வைத்துக்கொண்டாள். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு ஜன்னலையும் போட்டோ எடுத்து வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பின்னால் யாராவது ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு.

மெயின் ரோட்டில் ரெடிமேட் திரை விற்கும் பெரிய கடை ஒன்று திறந்தபோது எனக்குத்தான் முதலில் பயம் வந்தது. ஒரு டெவலப்பரை வைத்து வெப்சைட் போடு என்று அக்காவை நச்சரித்தேன். என் மச்சான் மகளே அந்த வேலை செய்கிறவள். அக்காவுக்கு ஆசை வந்தது, ஆனால் தம்பி ஒரேயடியாக வேண்டாம் என்றான். தண்டச் செலவு, கடைக்கு வாய்வார்த்தையாகவே ஆட்கள் வருகிறார்களே என்றான். அது உண்மைதான். ஒரு வருஷமாக ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. தன் தையல் பேசுகிறது என்று அக்காவுக்கு உள்ளூரப் பெருமை.

எனக்கு இதில் ஒன்று இடித்தது. வெப்சைட் வேண்டும் என்று முதலில் கேட்டவனே இந்தத் தம்பிதான். ஒரு வருஷத்துக்கும் முன்பு, கடையில் ஆட்கள் இருக்கும்போது கேட்டான். அக்கா மிஷினிலிருந்து தலை தூக்காமல், "முதல்ல கம்பியை நேரா மாட்டு, அப்புறம் வெப்சைட் போடலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அப்படிப்பட்டவன் இப்போது ஏன் வேண்டாம் என்கிறான்? சரி, புத்தி வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மச்சான் மகள் ஒரு மத்தியானம் லேப்டாப்போடு வந்தாள். தம்பி அளவெடுக்கப் போயிருந்தான். துணி வெட்டும் மேஜையில் லேப்டாப்பை வைத்து, மற்ற திரைக் கடைகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எது பிடிக்கிறதோ அந்த மாதிரி செய்யலாம் என்றாள். அக்கா பாதி மனதோடு பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி சொன்னதே சரி, வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் என்று நினைக்கிறேன். அதற்குள் அடுத்த பக்கம் திறந்தது.

"கொஞ்சம் நிறுத்தும்மா. இது என் ஜன்னல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் ஜன்னலுக்கா பஞ்சம்? அவள் சிரிக்கவில்லை. அது ஒரு மாடிப்படி ஜன்னல், கீழ்ச்சட்டம் இடப்பக்கம் இறங்கியிருக்கும், அதற்குத் தோதாகத் திரையின் அடி மடிப்பை வலப்பக்கம் அகலமாக வைத்துத் தைத்தேன் என்றாள். மச்சான் மகள் படத்தைப் பெரிதாக்கினாள். வலப்பக்கம் மடிப்பு அகலமாகத்தான் இருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. எவனோ வேறு கடைப் பேரில் படத்தைத் திருடிப் போட்டுவிட்டான், சும்மா விடக்கூடாது, போலீசுக்குப் போகலாம் என்று குதித்தேன். அக்கா ஒவ்வொரு படமாகத் தொட்டு, இது பல் டாக்டர் வீடு, இது இரட்டைக் கதவு, இது அழுக்குத் தெரியாமல் இருக்கப் பழுப்புக் கேட்ட வீடு என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒன்றுகூட வெளி ஆள் ஜன்னல் இல்லை. பிறகு 'எங்களைப் பற்றி' என்ற இடத்தை மச்சான் மகள் திறந்தாள். கோட்டு மாட்டிக்கொண்டு ஒருவன் சிரித்தான். கோட்டு யாருடையதோ, சிரிப்பு தம்பியுடையது. கீழே 'உரிமையாளர்' என்றும், பக்கத்திலேயே இந்தக் கடை போன் நம்பரும் போட்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதையைக் கேட்டிருக்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஆனால் அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் மிஷினில் குனிந்து தைக்கிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? அவள் அடையாளம் கண்டது எதிரே இருந்த ஜன்னலை. ஊருக்கெல்லாம் திரை தைக்கிறவள் கடை ஜன்னலுக்குத் திரை கிடையாது. அந்த மொட்டை ஜன்னல்தான் படத்தில் இருந்தது. அடியில் 'எங்கள் தையல் பணியாளர்' என்று எழுதியிருந்தது.

சும்மா இருக்க முடியாமல் மச்சான் மகள் ஒன்று சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். வாடிக்கையாளர்கள் எழுதிய பாராட்டுகளைப் பார்த்தால், ஒரு வருஷமாகக் கடைக்கு வந்த ஆர்டரில் பெரும்பாலானவை இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கும் என்றாள். அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடையும் தன்னுடையது இல்லை, பேரும் தன்னுடையது இல்லை என்றால் இத்தனை காலம் என்னதான் தைத்தாள்? அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தம்பி உள்ளே வந்தபோது கழுத்தில் அளவு நாடா தொங்கியது. லேப்டாப்பைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா கையமர்த்தினாள்.

"வெப்சைட் போட்டது தப்பில்ல. நான்தான் வேண்டாம்னேன். கடைக்கு நல்லதுதான் நடந்திருக்கு. என்னை ஏன்டா வேலைக்காரியா போட்ட?"

நான் எழுதவில்லை என்றான். வெப்சைட் செய்த நண்பன் இந்தம்மா யார் என்று கேட்டான், தைக்கிறவங்க என்றேன், அவனாக அப்படிப் போட்டுவிட்டான் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் அவனே தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் சொன்னான்.

"போட்டதுக்கப்புறம் பார்த்தேன்கா. மாத்துன்னு சொல்லல. ஓனர்னு என் பேர் போட்டிருந்தது... படிக்க நல்லா இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து அவன் கையில் இருந்த கடை போன் அடித்தது. அக்கா கை நீட்டினாள். அவன் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். மிஷின் நின்றுகிடந்த கடையில் எதிர்முனைக் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஓனர் சார் இல்லையா என்றது ஒரு பெண் குரல்.

"நான்தான் ஓனர். சொல்லுங்க."

"ஓ, அங்க தைக்கிறவங்களா? பரவால்லம்மா, சார் வந்ததும் பேசச் சொல்லுங்க."

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள். அக்கா அதை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மச்சான் மகளைப் பார்த்து, உனக்கு வேலை உண்டு, இன்றைக்கே ஆரம்பி, முதலில் என்னைப் போட்டோ எடு என்றாள். மிஷினைச் சுற்றி வந்து, ஸ்டூலை இழுத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி எங்களைப் பார்க்க உட்கார்ந்தாள்.

மச்சான் மகள் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பின்னால் வெளிச்சம் அடிக்கிறது, முகம் இருட்டாக விழுகிறது என்றாள். அக்கா தைத்து மடித்து வைத்திருந்த திரை ஒன்றை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். அவன் நாற்காலிமேல் ஏறி, அந்த மொட்டை ஜன்னலை மறைத்து, திரைக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தான். படத்தில் அவன் விழமாட்டான், திரை மட்டும்தான் விழும்.

"நேரா பிடிச்சிருக்கானா பாருங்கண்ணே" என்று அக்கா என்னிடம் கேட்டாள், திரும்பிப் பார்க்காமலே.

நேராகத்தான் பிடித்திருந்தான்.