என் பூட்டு தொங்கிய மாட்டுப் பொங்கல்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மாட்டுப் பொங்கல் அன்று, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலைக்குள் நடந்தது இது. என் அலுவலகத்தில் பண்டிகை நாள் வேலை என்று பேச்சு எழுந்தாலே எல்லோரும் என் மேசைப் பக்கம்தான் திரும்புவார்கள். “உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே மேடம்?” என்பார்கள். இல்லைதான். கணவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. திருவள்ளூரில் ஒரு மாடி வீடு, ஒரு டிவி, நான். பொங்கல் வைத்து யாருக்குப் பரிமாறுவது?

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலையில் இருக்கும் எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் பாஸ்வேர்டு எப்படி இருக்கணும், யார் எதைத் திறக்கலாம், பென் டிரைவ் செருகலாமா கூடாதா என்று ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதில் பழையதை எடுத்துவிட்டு புதியதைப் போடணும். போடும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும் என்பதால், மில் ஓடாத நாளில்தான் அதைச் செய்ய முடியும். பொங்கலுக்கு நிறுத்திய மில்லை அன்று சாயங்காலம் திரும்ப ஓட்டியாகணும். அதற்குள் நான் முடித்தாகணும்.

பெரியபாளையம் வழியாகக் காரில் வரும்போதே வழியெல்லாம் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல்தான் வரும்.

மில்லுக்குள் நுழையும் இடத்தில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு சிவப்புப் பூட்டைக் கொடுத்து, மில் மிஷின்களுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும் மெயின் போர்டில் மாட்டச் சொன்னார்.

“மில்லு நிக்கும்போது உள்ள போற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பூட்ட மாட்டணும் மேடம். சாவி உங்க கைல. கடைசிப் பூட்டு கழன்றாதான் நான் கரண்ட் போட முடியும்.”

“நான் கம்ப்யூட்டரைத் தட்டப் போறேன். என்னை எந்த மிஷின் கடிக்கப் போகுது?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் பெயரைக் கேட்டு ஒரு அட்டையில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி, பூட்டோடு சேர்த்துத் தொங்கவிட்டார். பழுது பார்க்க வந்தவர்களின் பூட்டுகள் வரிசையாகத் தொங்கின. “சட்டுனு முடிங்க மேடம். ஊட்ல மாடு கீது, நான் போய்தான் கொம்புக்கு பெயிண்ட் அடிக்கணும்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சர்வர் அறையில் ஏசி சத்தத்தைத் தவிர வேறு துணை இல்லை. கொண்டுபோன தயிர்சாதத்தைத் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். புது சாஃப்ட்வேர் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கூப்பிட, அதுவும் ‘இருக்கிறேன்’ என்று பதில் கொடுக்க, வரிசையாகப் பச்சை விழுந்துகொண்டே வந்தது. ஒன்று மட்டும் பதிலே சொல்லவில்லை. பின்பக்க கேட்டில் லாரிகளை எடை போடும் அறையின் கம்ப்யூட்டர். அது வழிக்கு வராவிட்டால் மறுநாள் ஒரு லாரிகூட வெளியே போக முடியாது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். யாரிடம் சொல்வது, எனக்குத்தான் சொல்லிக்கொண்டு போகும் பழக்கமே விட்டுப்போயிருந்ததே. போன் சார்ஜில் போட்டது போட்டபடி மேசையில் கிடந்தது.

எடை மேடை ஆலையின் அந்தக் கோடியில், இரும்புக் கழிவுக் குவியலுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், ஜன்னல் கம்பியில் முழுக் கரும்பும் மஞ்சள் கொத்தும் ஜம்மென்று நின்றன. அவற்றை இறுக்கிக் கட்டியிருந்தது என்ன தெரியுமா? கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய நெட்வொர்க் கேபிள்! லீவில் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்திருக்கிறார் அந்த அறையில் வேலை செய்யும் புண்ணியவான். சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன், யாரிடமோ சொல்வதற்கு. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. வீட்டுக்குப் போனாலும் இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

முடிச்சை அவிழ்த்து, கேபிளைச் செருகி, சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய கம்ப்யூட்டர், நகர்ந்து நகர்ந்து வேலை செய்தது. நான் இப்படியே இங்கே உயிரை விட்டால் எப்போது யார் தேடுவார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். அலுவலகம் திறந்ததும் ரிப்போர்ட் எங்கே என்று கேட்பார்கள். ரிப்போர்ட்டைத்தான் தேடுவார்கள், என்னை இல்லை.

ஒரு வழியாகப் பச்சை விழுந்தது. அப்போதுதான் வெளியே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பிரமை என்றுதான் நினைத்தேன். என் கணவர் காய்கறிப் பையோடு வந்தால் தெருவில் நின்றபடியே என் பெயரைச் சொல்லிக் கத்துவார். ஊருக்கே கேட்கும், எனக்கு மானம் போகும், சண்டை போடுவேன். அவருக்குப் பிறகு நான் எல்லோருக்கும் மேடம்தான். மறுபடியும் அதே பெயர். இப்போது பல குரல்கள், பல பக்கத்திலிருந்து.

வெளியே வந்து மில் பக்கம் ஓடினேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மில் இன்னும் ஓடவில்லை. ஹெல்மெட் போட்ட ஆட்கள் மிஷின்களுக்கு அடியில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷினுக்குக் கீழே இருந்த பள்ளத்திலிருந்து ஏறி வந்த எலெக்ட்ரீஷியன் என்னைக் கண்டதும் அப்படியே நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ்.

“எங்கம்மா போய்க்கினே நீ? எல்லாப் பூட்டும் கழன்டுச்சு, உன் பூட்டு மட்டும் தொங்கினு கீது. போனு ரூம்ல அடிச்சினே கீது, ஆளக் காணோம். நான் இன்னான்னு நெனைக்கிறது?”

அவர் பேச்சில் ‘மேடம்’ காணாமல் போய்விட்டது. கோபத்தில்தான் பேசினார், ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“பூட்டை உடைச்சிட்டு கரண்ட் போட்டிருக்கலாமே அண்ணே” என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

“ஒடைக்கிறதா? பூட்டு தொங்குதுன்னா உள்ள ஆள் கீதுன்னு அர்த்தம். ஆள மூஞ்சிக்கு மூஞ்சி பாக்காம எப்பிடிம்மா கரண்ட் போடுவேன்?”

மன்னிப்புக் கேட்டேன். சாவியைப் போட்டு என் பூட்டை நானே கழற்றினேன். சைரன் ஊதி மில் ஓடத் தொடங்கியது. அவர் அவசரமாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். “உங்க மாடு காத்துக்கினு இருக்குமே” என்றேன். “அது எங்க போவப் போவுது, கட்டித்தானே கீது. நீதான் எங்க போனேன்னு தெரியல” என்று சொல்லிவிட்டு, இந்த முறை சிரித்தார். பெயர் அட்டையை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, எதற்கு என்று கேட்காமல் அவிழ்த்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கார் ஜன்னலை இறக்கிவிட்டேன். கொம்புக்குப் பெயிண்ட் அடித்த மாடுகள் மணி குலுங்க ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. டிரைவர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

அந்த அட்டை இப்போது என் வீட்டுச் சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது. தனிமை ஒன்றும் என்னைவிட்டுப் போய்விடவில்லை, பண்டிகை நாள் வேலையும்தான். ஆனால் வீடு ரொம்ப அமைதியாகிவிடும் சில சாயங்காலங்களில் அந்த அட்டையைப் பார்த்துக்கொள்வேன். நான் வெளியே வரும்வரை ஒரு ஆலையே ஓடாமல் நின்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.