ரெக்ஸ் டாலன் முத்தம் கொடுக்க மாட்டான்

கலோலைனேயிடம் ரொட்டி வாங்கப் போனால் ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருக்கிற ரொட்டிக்கடையில் அவள்தான் கல்லாவில் இருப்பாள். "நேத்துப் படம் பார்த்தியா?" என்பாள். பார்க்கவில்லை என்றால் முழுக் கதையையும் சொல்லுவாள். பார்த்தேன் என்றால், நீ பார்த்தது தப்பு என்று சொல்லுவாள். இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகும், ரொட்டி ஆறிப்போகும்.

"விக்டர் ஹாம்ஸ்டனா? அவன் பல்லு நடிக்குது, அவன் சும்மா கூட நிக்கிறான்," என்பாள். "லோரா வேன் அழுதாளாம். நிஜமா அழுதா மூக்கு சிவக்கணுமா இல்லையா? தண்ணிதான் வருது, மூக்கு அப்படியே இருக்கு. அது அழுகையா, முகம் கழுவறதா?" பத்துப் பேரைப் புரட்டி எடுத்துவிட்டு மூச்சு வாங்காமல் நிற்கிற சண்டைக்காரனை அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூட்டை தூக்கினவனுக்கே மூச்சு வாங்குகிறது, மனுஷனைத் தூக்கினவனுக்கு வாங்காதா என்று கேட்பாள்.

ஒரு தடவை போதகர் வந்து, "சினிமா பார்க்கிற நேரத்துல பைபிள் படிக்கலாமே, கலோலைனே," என்றார். "படிச்சுட்டுத்தான் ஐயா போறேன். அதுல இருக்கிற சண்டையை எல்லாம் எவனாவது ஒழுங்கா எடுத்தா நான் ஏன் மத்த படத்துக்குப் போறேன்?" என்று கேட்டுவிட்டாள். மனுஷர் ரொட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் லெசியேலி. எங்கள் தீவின் துறைமுக ஊரான நெயாஃபுவில், சினிமாக் கொட்டகை வாசலில் வறுத்த கடலையைப் பொட்டலம் கட்டி விற்கிறவள். எனக்கு சினிமா அவ்வளவு பைத்தியம் கிடையாது. ஆனால் இருபது வருஷம் அந்த வாசலில் உட்கார்ந்தவளுக்கு யார் எப்போது உள்ளே போனார்கள், யார் எப்போது வெளியே வந்தார்கள் என்பது தெரியும். கலோலைனே கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது, யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படம் இங்கிலீஷில் பேசும். கொட்டகையில் பாதிப் பேருக்கு அது விளங்காது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று எங்கள் பேச்சில் கதை சொல்லுவார். அந்த வேலையை மனாசேதான் ரொம்ப வருஷம் பார்த்தார். அங்கே அமெரிக்காக்காரன் நாலு வார்த்தை பேசினால் இவர் நாற்பது வார்த்தை பேசுவார். படத்தில் வருகிற திருடனுக்கு எங்கள் ஊர் ஆள் பெயரை வைப்பார். பாதிக் கூட்டம் படத்துக்கு வரும், பாதிக் கூட்டம் மனாசேக்கு வரும். எங்கள் பணம் பவுண்டிலிருந்து பாங்காவுக்கு மாறி ஏழெட்டு வருஷம் இருக்கும், அப்போது மனாசே ஆக்லாந்தில் இருக்கிற மகளோடு இருக்கப் போய்விட்டார். மைக் அநாதையாகிவிட்டது.

கலோலைனேக்கு அந்த மைக் மேல் எத்தனை வருஷ ஆசை என்று எனக்குத்தான் தெரியும். மனாசே ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னால் அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பாள். "அவன் கோபத்துல போகலை லெசியேலி, வெட்கத்துல போறான். நடையைப் பார்த்தாலே தெரியுதே. இந்தக் கிழவருக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று என்னிடம் வந்து பொருமுவாள். வயது நாற்பது தாண்டிவிட்டது, புருஷன் கப்பலில் போனவன் போனவன்தான். இந்த ஒன்று மட்டும் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

ஆனால் கொட்டகையில் மெஷின் ஓட்டுகிறவன் அவள் தம்பி ஃபெலேத்தி.

எங்கள் தீவில் அக்கா தம்பி என்றால் விளையாட்டில்லை. மீசை அரும்பினதும் பையன் வேறு வீட்டில்தான் படுப்பான். அக்கா இருக்கிற இடத்தில் கேலிப் பேச்சு பேசமாட்டான். அவன் தோட்டத்தில் முதல் கிழங்கு தோண்டினால் அது அவளுக்குத்தான் போகும், அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. காதல், கட்டிப்பிடிப்பது, முத்தம் எல்லாம் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்து பார்த்தால் மானம் போச்சு. ஃபெலேத்தி அவளிடம் நேருக்கு நேர் பேசி இருபது வருஷம் இருக்கும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் பெண்டாட்டி வந்து சொல்லுவாள்.

அதனால் திரையில் இரண்டு முகம் கிட்டே வர ஆரம்பித்தாலே கலோலைனே எழுந்து வெளியே என் கடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். நான் எட்டிப் பார்த்துச் சொல்லுவேன்.

"முடிஞ்சுதா?"

"இல்ல, இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கான்."

"இவ்வளவு நேரமா? அந்தப் பொண்ணுக்கு வேற வேலை இல்லையா?"

முடிந்ததும் உள்ளே போவாள். இருபது வருஷத்தில் அவள் பார்த்த சினிமா எதிலும் முத்தமே கிடையாது.

கொட்டகை முதலாளி சியாவோசியிடம் அவள் போய்க் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் சிரித்தார். "முத்தம் வந்தா என்ன பண்ணுவே? மைக்கைத் தூக்கிட்டு லெசியேலிகிட்ட ஓடுவியா?"

"முத்தம் வராத படத்தைப் போடுங்க."

"அப்படி ஒரு படத்தை எந்தக் கம்பெனி எடுக்குது?"

"ரெக்ஸ் டாலன் படம். பதினோரு படம் பார்த்துட்டேன், ஒரு தடவைகூட பெஞ்சை விட்டு எழுந்திரிக்கலை. இவளைக் கேளுங்க."

உண்மைதான். ரெக்ஸ் டாலன் படம் ஓடுகிற நாளில் எனக்குப் பேச்சுத்துணையே இருக்காது.

"குதிரையைத் தவிர எதையும் அவன் கொஞ்சினது கிடையாது," என்றாள் கலோலைனே. "மூஞ்சியைப் பாருங்க, அது முத்தத்துக்குப் பொறந்த மூஞ்சியா? பதினோரு படத்துல அவன் தொப்பியைக் கழட்டினதே இல்லை. அவ்வளவு பெரிய தொப்பியை வச்சுக்கிட்டு யாருக்கும் முத்தம் கொடுக்க முடியாது, நெத்தியில இடிக்கும். நடிகனை எனக்குத் தெரியும் முதலாளி. உங்களுக்கு டிக்கெட்டுதான் தெரியும்."

சியாவோசி தாடையைச் சொறிந்தார். "சரி. ஒரே ஒரு சனிக்கிழமை, மதியக் காட்சி. கடைசி வரைக்கும் நின்னு சொன்னா மைக் உனக்கு. பாதியில ஓடினா மாகாவுக்குக் கொடுத்துருவேன், அப்புறம் என் வாசல்ல வந்து நிக்காதே."

மாகா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். தொண்டை மட்டும் பீரங்கி. படம் ஓடும்போது முன் பெஞ்சில் உட்கார்ந்து கத்துகிற கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். அவனுக்கும் அந்த மைக் மேல் கண்.

ஃபெலேத்தியிடம் அவன் பெண்டாட்டி போய்ச் சொன்னாளாம். அவன், "அக்கா முத்தம் இல்லைன்னு சொன்னா இல்லை," என்றானாம். அவ்வளவுதான் பேச்சு.

புது ரெக்ஸ் டாலன் படத்தின் ரீல் பெட்டி தலைநகரம் நுகுஅலோஃபாவிலிருந்து காலைக் கப்பலில் வரவேண்டியது. கப்பல் வந்தது மதியம் ஒரு மணிக்கு. காட்சி இரண்டு மணிக்கு. அந்தப் படத்தை எங்களில் யாரும் பார்க்கவில்லை, ஃபெலேத்தியும் பார்க்கவில்லை. கலோலைனே விசேஷத்துக்கு நாங்கள் இடுப்பில் கட்டுகிற நல்ல பாயைச் சுற்றிக்கொண்டு மாதாகோயிலுக்கு வருகிற மாதிரி வந்தாள். ரொட்டி வாங்குகிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கடலையை அரைமணி நேரத்தில் விற்றுவிட்டு நானும் உள்ளே போய்க் கதவோரம் நின்றேன்.

அவள் சொன்னாளே, அது மாதிரி மனாசே ஒரு நாளும் சொன்னதில்லை. ரெக்ஸ் டாலன் தூசியில் குதிரை ஓட்டிக்கொண்டு வருகிறான். "இவன் நாலு நாளா சாப்பிடலை, ஆனா கேட்க மாட்டான், கௌரவம் பிடிச்சவன்," என்றாள். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு பண்ணை வீட்டு வாசலில் ஒரு பெண் துப்பாக்கியோடு நின்றாள். நல்ல அழகு. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் விசிலடித்தார்கள்.

கலோலைனே ஒரு நொடி யோசித்தாள். அவள் கை ஓங்கியிருந்த நேரம், தைரியம் தலைக்கு ஏறிவிட்டது. "விசிலடிக்காதீங்கடா," என்றாள் மைக்கில். "இவ அவனோட கூடப்பிறந்த தங்கச்சி. சின்ன வயசுல பிரிஞ்சுட்டாங்க."

விசிலடித்தவர்கள் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் பொருந்திப் போயிற்று. அவன் மான் ஒன்றை அடித்துக்கொண்டு வந்து அவள் வாசலில் போடுகிறான். "பார்த்தீங்களா, முதல் பங்கு தங்கச்சிக்கு." அவள் உள்ளே கூப்பிடுகிறாள், அவன் வெளியே நின்று காப்பி குடிக்கிறான். "வாசப்படி தாண்டலை. வளர்ப்பு அப்படி." அவள் அவனை ஓங்கி அறைகிறாள். "அறைவா. அவளுக்கு உரிமை இருக்கு," என்று கலோலைனே சொன்னதும் பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் பக்கத்தில் நின்ற சியாவோசிகூட மூக்கை உறிஞ்சினார். மாகா ஒரு வார்த்தை கத்தவில்லை.

கடைசி ரீல். வில்லன் செத்துவிட்டான். ரெக்ஸ் டாலன் கிளம்புகிறான். அந்தப் பெண் வேலியோரம் நிற்கிறாள். "அண்ணன் விடைபெற வர்றான்," என்று கலோலைனே ஆரம்பித்தாள். அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். கையைத் தூக்கி, தொப்பியைக் கழற்றினான்.

எனக்கு அல்லு விட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் தொப்பி. கலோலைனேக்கும் எனக்கும் அப்படி இல்லை. தலையில் முடிகூட அதிகம் இல்லை அவனுக்கு, அதைத்தான் பதினோரு படமாக மறைத்திருக்கிறான் போல. அவன் குனிந்தான். தங்கை என்று ஒரு மணி நேரமாக நானூறு பேரை நம்ப வைத்த பெண்ணின் முகத்துக்குக் குனிந்தான்.

கலோலைனேயின் குரல் நின்றுபோயிற்று. கால் வாசல் பக்கம் திரும்பினதை நான் பார்த்தேன். இருபது வருஷப் பழக்கம், அது தானாகத் திரும்பும். சியாவோசி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரை இருண்டுபோயிற்று. ஃபெலேத்தி மெஷின் கண்ணாடி முன்னால் கையை வைத்து மறைத்துவிட்டான். படம் இல்லை, வயலின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கொட்டகை எழுந்து நின்றது. "தங்கச்சியையா?" என்று மாகா பீரங்கியைத் திறந்தான். "ஏய் கலோலைனே, தங்கச்சின்னு சொன்னியே, அவன் என்ன பண்ணப் போறான்?" பெஞ்சு தட்டுகிற சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

இருட்டில் அவள் குரல் வந்தது.

"உட்காருங்க. அண்ணன் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேக்கிறான். இத்தனை வருஷம் வந்து பார்க்காததுக்குத் தலையில இருக்கிறதைக் கழட்டிட்டு, குனிஞ்சு கேக்கிறான். அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. நாம பார்க்கக் கூடாது. மெஷின்காரருக்கு மரியாதை தெரியும், மறைச்சுட்டார். உனக்கு அக்கா தங்கச்சி இருக்காங்கல்ல மாகா? உட்காரு."

மாகாவுக்கு ஐந்து அக்கா. உட்கார்ந்தான். ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது. வயலின் ஓடிக்கொண்டே இருந்தது, அந்த ரெக்ஸ் டாலன் பதினோரு படத்துப் பாக்கியையும் ஒரேயடியாகத் தீர்க்கிறான் போல. இருட்டில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கலோலைனே நகரவில்லை. எப்போது முடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எட்டிப் பார்த்துச் சொல்ல நானும் வெளியே இல்லை.

அப்போது மேலே மெஷின் கூண்டின் சின்ன ஜன்னலிலிருந்து, நானூறு பேர் கேட்க, ஃபெலேத்தி பேசினான்.

"அக்கா, முடிஞ்சுது. நீங்க சொல்லுங்க."

கையை எடுத்தான். திரையில் வெளிச்சம் வந்தது. ரெக்ஸ் டாலன் குதிரையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான், அந்தப் பெண் கையாட்டிக்கொண்டிருந்தாள். கலோலைனே மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "மன்னிச்சுட்டா," என்றாள். "அடுத்த அறுவடைக்கு வருவான்." கூட்டம் கைதட்டிக்கொண்டே வெளியே போனது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

சியாவோசி மைக்கை வாங்கி வைக்க வந்தார். அவள் கொடுக்கவில்லை. "அடுத்த சனிக்கிழமை ரெண்டு மணிக்கா, மூணு மணிக்கா?" என்று கேட்டாள். அவர் ரெண்டு மணி என்றார்.

பிறகு என் காலித் தட்டுப் பக்கம் வந்து நின்றாள். "ரெக்ஸ் டாலன் இனிமே எனக்கு வேண்டாம், லெசியேலி. மோசம் பண்ணிட்டான். வயசானா நடிகனுங்க இப்படித்தான் தடுமாறுவானுங்க," என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பார்த்தேன், மூக்கு நன்றாகச் சிவந்திருந்தது.

"அக்கான்னு கூப்பிட்டான். கேட்டியா?"

"ஊரே கேட்டுச்சு," என்றேன்.