ஆறாவது குடுவையில் இருந்த மாத்திரை

ஜூன் 18, 2025, புதன்.

நேற்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மாத்திரை கரைகிறதா என்று பார்க்கும் சோதனையில், தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று குறித்துவைக்க மறந்துவிட்டேன். அம்பத்தூரில் மாலை வகுப்பு, அந்த அவசரம். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்பாமல் போகலாம். நானே என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நடந்தது.

ஆவடிக்கு அப்பால் புதிதாக அமைந்துவரும் தேசிய மருந்துத் தர ஆய்வகத்தில் எனக்கு வேலை. இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை. பாதி அறைகளில் பெயின்ட் வாடை. கருவிகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு புகார் வந்துவிட்டது. சேக்காட்டில் ரியா என்ற கல்லூரிப் பெண் வலிப்பு வந்து இறந்துபோனாள். அவள் சாப்பிட்டுவந்த வலிப்பு மாத்திரையில்தான் கோளாறு என்று அவள் அம்மா எழுதிக் கொடுத்திருந்தார். பத்து மாத்திரை அட்டையில் மீதி ஐந்துதான் எங்களிடம் வந்தது.

சோதனைக்கு ஆறு வேண்டும். கருவியில் ஆறு கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் உடம்புச் சூட்டில் தண்ணீர், ஒரு மாத்திரை, மெல்லச் சுழலும் ஒரு துடுப்பு. வயிறு செய்வதை அது செய்யும். நான் ஐந்தில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். ஆறாவது காலி. ஐந்து மாத்திரையும் கரையவில்லை. கூழாங்கல் மாதிரி கிடந்தன.

வகுப்பில் இருந்தபோது மேலதிகாரி செங்கல்வராயன் சார் போன் செய்தார்.

"சூடு எவ்ளோன்னு எழுதலியேப்பா?"

"மறந்துட்டேன் சார்."

"பச்சத் தண்ணியில போட்டியோ என்னவோ, யாரு கண்டா? சோதனை செல்லாது. மாத்திரையும் தீந்துபோச்சு. ஃபைலை மூடிரு."

மூடினால் அந்த அம்மாவின் புகார் அவ்வளவுதான். கருவியை அணைத்தேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அணைக்காமல் விட்டிருந்தால் சூடு இன்னும் திரையில் தெரியும். திரும்பிப் போனேன்.

மணி 8.50. வாசலில் காவலாளி யூசுப்.

"இன்னா தம்பி, இந்நேரத்துல? மேல கரண்ட் கூட இல்ல. ஒயரிங் ஆளுங்க மெயினை ஆஃப் பண்ட்டு போய்கீறானுங்க."

"ரெண்டு நிமிஷம்ணே."

"போ, போ. பேயா இருந்தாலும் கையெழுத்து போட்டுட்டுதான் உள்ள போவணும்."

மாடி முழுக்க இருட்டு. செல்போன் விளக்கோடு அறைக் கதவைத் திறந்தேன். திரை கறுப்பாக இருந்தது. ஒயர்கூடச் சுவரில் செருகப்படவில்லை. நான்தான் பிடுங்கியிருக்கிறேன்.

அப்போது கேட்டது.

டக்... டக்... டக்...

கண்ணாடியில் ஏதோ தட்டும் சத்தம்.

ஐந்து துடுப்புகள் அசையாமல் நின்றன.

ஆறாவது சுழன்றுகொண்டிருந்தது.

காலியாக விட்ட குடுவை நிறைந்திருந்தது. தண்ணீர் இல்லை... கலங்கலாக ஏதோ. புளித்த வாடை. அடியில் வெள்ளையாக ஒரு மாத்திரை, கண்ணாடியில் மோதி மோதிச் சுற்றியது.

கூடவே ஒரு சோற்றுப் பருக்கை.

குடுவையைத் தொட்டேன்.

உடம்புச் சூடு.

துடுப்பு நின்றது...

ஓடினேன்.

காலையில் யூசுப்பையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆறாவது குடுவை காய்ந்து சுத்தமாக இருந்தது. கண்ணும் மூக்கும் ஏமாற்றிவிட்டன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு மணிக்கு ரியாவின் அம்மா ஞானகுமாரி, முடிவு என்ன என்று கேட்டு நேரில் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"கரையலதானே தம்பி?"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அறுத்துப் பாத்த டாக்டரு சொன்னாரு. கடைசியாப் போட்ட மாத்திரை வயித்துல முழுசா கெடந்துச்சாம். சோத்தோட சோறா."

இரவு பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. செங்கல்வராயன் சாரிடம், ஃபைலை மூட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

நாளைய வேலை: என் தவறை எழுத்தில் கொடுப்பது. பிறகு மருந்து ஆய்வாளரைப் பார்த்து, அதே தொகுதியில் தயாரான மாத்திரை இன்னும் எந்தெந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டு, புதிய மாதிரி எடுக்கச் சொல்வது.