அந்த இடத்தில் முதல் என்ன இருந்தது?

உருகிய பாறைக் குழம்பு நிலத்துக்குள் ஏறி, ஆழத்திலேயே ஆறி, கிரனைட் ஆகிறது என்று வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழும்பினாள்.

"ரீச்சர், அது வர முந்தி அந்த இடத்திலை என்ன இருந்தது?"

பதினைந்து வருடப் படிப்பித்தலில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. "சோதினைக்கு வராததைக் கேளாமல் இரும்" என்று அதட்டிவிட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகையில், வீதி வேலையால், கடலின் குறுக்கே ஓடும் புங்குடுதீவுப் பாலத்தில் பஸ் நின்றது. இறங்கினேன். கரையில் அடுக்க, பெருநிலத்து வன்னியிலிருந்து கொண்டுவந்த பாறைகள் குவிந்து கிடந்தன. எங்கள் தீவில் சுண்ணாம்புக்கல்தான். கிரனைட்டை நான் புத்தகத்தில்தான் கண்டிருந்தேன். கறுப்பு வரிகள் நெளிந்த ஒரு பாறையின் குறுக்கே, ஒரு முழ அகலத்தில் வெளிறிய கிரனைட் ஓடியது.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கல் அடுக்கிய தொழிலாளி கண்டார்.

"கல்லுடைக்கிற இடத்திலை இப்பிடிக் கனக்கக் கண்டனான், அக்கா. நடுவிலை உள்ள வெள்ளையை இல்லையெண்டு நினைச்சு, ரெண்டு கரையையும் சேர்த்துப் பாருங்கோ."

பார்த்தேன். இந்தக் கரையில் அறுந்த வரி அந்தக் கரையில் தொடர்ந்தது. ஒவ்வொரு நெளிவும் பொருந்தியது. அங்கே எதுவும் அழியவில்லை. நிலம் இழுபட்டு மெல்ல மெல்ல விலக, விலகிய இடத்தில் கிரனைட் வந்து நிறைந்திருக்கிறது. அந்த மாணவி கேட்ட இடமே முதல் இருக்கவில்லை. இவ்வளவு பெரிய பாறை விலகி இடம் கொடுத்திருக்கிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பஸ் ஹோன் அடித்தும் கால் எழவில்லை.

மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பினேன். பயந்துகொண்டே எழும்பினாள்.

"நேற்றுக் கேட்டதைத் திரும்பக் கேளும், பிள்ளை," என்றேன். "எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கேளும்."