லைசன்ஸில் இல்லாத வேலை

ஹெல்த் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது நான் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பு வரை இருந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் முடியைத் தோள் வரைக்கும் வெட்டி அனுப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குப்பை முறம் நிறைய முடி. அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் வந்தால் ஒரு சந்தை ஊர். அங்கே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு அறையில் என் பியூட்டி பார்லர். ஒன்பது வருடமாக நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் மார்ச் முடிவதற்குள் பஞ்சாயத்து லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். கத்தரி ஊறும் டெட்டால் தண்ணீர், மூடி போட்ட குப்பைக்கூடை, துவைத்த துண்டுகள், என் மருத்துவ அட்டை, பிளாஸ்டிக் குப்பை வாங்கிப் போகிற பஞ்சாயத்துப் பெண்கள் கொடுக்கும் ரசீது எல்லாம் கேட்பார். நானும் கல்யாணச் சீர் மாதிரி வரிசையாக எடுத்து வைத்திருப்பேன். இந்த வருடம் வந்தவர் புதியவர், வயதில் சிறியவர். அவர் ரசீதைப் பார்க்கவில்லை. முறத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த லைசன்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்று வரி வரியாகப் படித்தார்.

"சேச்சி, இதுல ஃபேஷியல், திரெடிங், பிரைடல் மேக்கப் மாத்ரமல்லே உள்ளூ? ஹேர் கட்டிங் இல்லல்லோ?"

முடி வெட்டுவது அதில் இல்லைதான். அதற்கு அவரும் காரணமில்லை, பஞ்சாயத்தும் காரணமில்லை. நான்தான் காரணம்.

ஒன்பது வருடத்துக்கு முன் முதல் முறை விண்ணப்பம் போட ஆன்லைன் சென்டருக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "என்னென்ன வேலைங்க்கா செய்வீங்க?" என்று கேட்டாள். புருவம், முகம், மருதாணி, மணப்பெண் அலங்காரம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். முடி வெட்டுவது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. "அது வேண்டாங் கண்ணு, மத்ததப் போடு" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பட்டனைத் தட்டினாள், வேலை முடிந்தது.

என் அப்பா முடி வெட்டுகிறவர். கடை கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். அந்த வீடுகளில் கல்யாணம் என்றால் மணமக்கள் முன்னால் நின்று வாழ்த்துப் பாட வேண்டியதும் அவர்தான். அவர் பாடாமல் எங்கள் பக்கத்துக் கல்யாணம் நிறைவாகாது. பந்தல் முழுவதும் வாயை மூடிக்கொண்டு அவர் பாடுவதைக் கேட்கும். பாடி முடித்ததும் அவர் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். ஊரே சாப்பிட்டு எழுந்த பிறகு அவருக்கு இலை வரும். வாழ்த்து வேண்டும், வாழ்த்தியவன் பந்தியில் வேண்டாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. அப்பாவின் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பொள்ளாச்சியில் ஒரு வருடம் படித்து பியூட்டிஷியன் ஆனபோது, அந்தப் பெயரிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்தேன். முகத்துக்கு கிரீம் தடவுகிறவளை யாரும் எந்தச் சாதி என்று கேட்பதில்லை. கத்தரியை எடுத்தால்தான் சந்தேகம் வரும். எடுக்காமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எனக்கு நன்றாக வருவது அதுதான். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடி வெட்டத்தான் வருகிறார்கள். ஒன்பது வருடமாக அந்தப் பாதி வேலை எந்தக் காகிதத்திலும் இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரி இந்தத் தாலுக்காவில் கிடையாது என்று எனக்கு நினைப்பு.

இன்ஸ்பெக்டர் கறாரான ஆள், ஆனால் மரியாதையாகவே சொன்னார். ஒன்று, முடி வெட்டுவதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அதையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். புதிதாக ஒரு வேலையைச் சேர்த்தால் கட்டடத்தின் உடைமைச் சான்றிதழும், இன்ன வேலை செய்ய இடம் தருகிறேன் என்று உடைமையாளர் கையெழுத்துப் போட்ட சம்மத பத்திரமும் வைக்க வேண்டும். அதுவரை சாதாரணப் புதுப்பித்தலுக்கு வாடகை ஒப்பந்தமே போதுமாக இருந்தது. மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்று நடக்காவிட்டால் ஏப்ரலில் கடை திறக்கக் கூடாது. சித்திரையில் எத்தனை முகூர்த்தம்! நானும் என் அம்மாவும் சாப்பிடுவது இந்தக் கடையை வைத்துத்தான். அப்பா போய் ஆறு வருடமாகிறது.

வீட்டில் சொன்னதும் அம்மா பதறிப்போனாள்.

"எதுக்கு கண்ணு வம்பு? வெட்டறத நிறுத்திப்போடு. அந்தப் பேரு வேண்டாம்னுதான உன்னையப் பொள்ளாச்சிக்கு அனுப்பிப் படிக்க வெச்சுது?"

அம்மா சொன்னதைத்தான் மறுநாள் செய்தும் பார்த்தேன். பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். நுனி மட்டும் வெட்டினால் போதும் என்றாள்.

"இங்க அது செய்யறதில்லைங்க."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் இருந்த நாலு கத்தரியையும் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "போன மாசம் நீங்கதானக்கா வெட்டி உட்டீங்க?"

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது ஒருவரும் பக்கத்தில் இல்லை. நானே அவர்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். என் கை செய்வதை என் வாயால் இல்லை என்று சொன்னேனே, அப்பாகூட அப்படிச் சொன்னதில்லை. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில்தான் நடந்தார். அந்தப் பெண்ணை உட்கார வைத்து வெட்டி அனுப்பினேன். கடையைப் பூட்டிவிட்டு நேராக ஆன்லைன் சென்டருக்குப் போனேன்.

"மொதல்ல முடி வெட்டறதப் போடு கண்ணு. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ வரட்டும்."

சம்மத பத்திரத்தை அச்செடுத்துக்கொண்டு கட்டடக்காரர் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால் இரண்டு வீடு தள்ளித்தான் அவர் வீடு. தென்னந்தோப்பும் நல்ல பேரும் உள்ள மனிதர். தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இதென்ன அம்மிணி, புதுசா?"

"புதுசில்லைங்க. ஒம்பது வருசமா செய்யறதுதானுங்க."

"செய்யறது வேற, எழுதறது வேற. உங்கப்பன் ஆருன்னு தெரிஞ்சுதான் எடங் குடுத்தேன். ஒரு நாளாச்சும் நா ஏதாச்சும் பேசியிருப்பனா? பார்லருன்னு இருந்துட்டுப் போவுது. முடி வெட்டற கடைன்னு எங்க கட்டடத்து மேல ரெக்கார்டு ஏறுச்சுன்னா, நாளைக்குச் சொந்தத்துல ஒருத்தன் கேக்க மாட்டானா?"

"என்னன்னுங்க கேப்பாங்க?"

"அது உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "அந்த வரிய அடிச்சுட்டுக் கொண்டா. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஏதோ எனக்கு நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார். சின்ன வயதிலிருந்து இந்த முகத்தை எத்தனை வாசலில் பார்த்திருக்கிறேன்!

"அடிக்க மாட்டேனுங்க" என்றேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை வந்ததும், திரும்பிப் போய் இன்னொரு தரம் சொல்லிவிட்டு வரலாமா என்றும் இருந்தது.

வேறு இடம் தேடினேன். ஒரு அறையில் தண்ணீர் போக வழியில்லை. இன்னொரு அறையின் சொந்தக்காரர், என்ன கடை என்று கேட்டு, யார் மகள் என்று கேட்டு, அப்புறம் மகனுக்கு வேண்டியிருக்கிறது என்று மென்று விழுங்கினார். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. எப்படியும் தேவைப்படும் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் போய் உடைமைச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் வந்தது. வாங்கிப் பார்த்தால் வேறு யாருடையதையோ கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. கதவு எண் சரியாக இருந்தது. பெயர்தான் வேறு. கட்டடக்காரருடைய மனைவியின் பெயர்.

கிளார்க்கிடம் கேட்டேன். கட்டடமும் அந்த அம்மா பேரில்தான், கட்டட வரியும் அவர் பேரில்தான், சம்மத பத்திரத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஒன்பது வருடமாக நான் அவருடைய வீட்டுக்காரரைத்தான் கட்டடக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கட்டடக்காரரின் மனைவியான அந்த அக்கா மாதத்துக்கு ஒரு தரம், புதன்கிழமை மத்தியானம் கடைக்கு வருவார். டை அடித்து, முடியை ஒழுங்காக வெட்டிவிட வேண்டும். வருவது சந்து வழியாக, போவதும் சந்து வழியாக. அந்தப் புதனும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துண்டு போர்த்தவில்லை.

"ஏனுங்க்கா, இந்தக் கட்டடம் உங்க பேர்லயா இருக்குது?"

"எங்கப்பன் என்ற கல்யாணத்துக்குக் குடுத்த எடம் கண்ணு. அவரு கட்டடம் கட்டுனாரு. அதுக்கென்ன இப்ப?"

காகிதத்தைக் காட்டினேன். வீட்டில் பேச்சு நடந்திருக்கும்போல, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஒரு வரிய எடுத்துப்போடு. அவருக்குத் தெரியாம நானே போட்டுத் தர்றேன்."

எல்லோரும் எனக்கு நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். எல்லோருக்கும் அந்த ஒரு வரிதான் தொந்தரவு.

"அந்த வரி இல்லாம உங்க முடிய வெட்டறதுக்கு எனக்கு அனுமதி இல்லைங்க்கா" என்றேன். "ஃபேஷியல் வேணும்னாச் செஞ்சு உடறேனுங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காதோரம் நரை, பின்னால் ஏறியும் இறங்கியும் வளர்ந்திருந்த முடி. எழுந்து சந்து வழியாகப் போய்விட்டார். அவர் போன பிறகு எனக்குப் பயம் வந்தது. திமிராகப் பேசிவிட்டோமோ, சித்திரைக்கு ஒப்புக்கொண்ட பெண்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு தடவைகூட அந்த வரியை எடுத்துவிடலாம் என்று தோன்றவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை சந்தை. பதினோரு மணிக்கு ரோட்டில் கூட்டம் நெரியும். அந்த அக்கா ரோட்டு வழியாக வந்து, முன்வாசல் படியேறி உள்ளே வந்தார்.

"எங்க அந்தக் காயிதம்?"

கொடுத்தேன். "எந்த வரி?" என்றார். விரலை வைத்துக் காட்டினேன். மலையாளம் அவருக்குச் சரளமாக வராது. எழுத்துக் கூட்டிப் படித்தார், இரண்டு தடவை. பிறகு தன் முழுப் பெயரையும் தமிழில் மெதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எனக்குன்னு எங்கப்பன் குடுத்த எடத்துல என்ன நடக்கோணும்னு ஒரு தடவ நாஞ் சொல்லிப் பாக்கறேன்" என்றார். "இப்ப வெட்டலாமா?"

"இன்னும் லைசன்ஸ் வரலைங்க்கா."

"அப்பச் சரி. வந்ததும் சொல்லி உடு."

முப்பதாம் தேதி லைசன்ஸ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரி என்று அவளும்தான் கேட்டாள். முதல் வரி என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். கண்ணாடியை முந்தானையால் ஒரு முறை துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். வம்பு என்று மறுபடி சொல்லவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி கட்டடக்காரர் வந்தார். இன்னும் எனக்கு அப்படித்தான் வாயில் வருகிறது. பெண்கள் பார்லர் என்பதால் ஆண்கள் உள்ளே வர மாட்டார்கள், அவரும் வாசல் படியிலேயே நின்றார். நாற்காலியில் ஒரு நர்ஸிங் மாணவி, பாதி முடி வெட்டியிருந்தது. படியிலிருந்து பார்த்தாலே லைசன்ஸ் தெரியும். வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி, நான் விதியை மீறுகிற ஆளில்லை. அவர் அதைப் படிக்கிற வரை காத்திருந்தேன். முகம் சிவந்துவிட்டது. இந்த முறை சிரிப்பு இல்லை.

"ஆரக் கேட்டு இந்தக் கையெழுத்த வாங்குன?"

நர்ஸிங் மாணவி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவரைத் திரும்பிப் பார்த்து, எப்போதும் பேசுகிற அதே பணிவோடு சொன்னேன்:

"கட்டடக்காரரக் கேட்டுத்தானுங்க."

அவர் படியில் நின்றபடியே இருந்தார். எனக்கு வேலை கிடந்தது. திரும்பி அந்தப் பெண்ணின் மீதி முடியை வெட்டத் தொடங்கினேன்.