டைட்டில் இல்லாத எங்களுக்குக் கிடைத்த கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது. கொல்கத்தாவில் சான்றிதழ் அலுவலகத்துக் கவுண்டரில் இருந்தவர் என் மகள் கவிதாவின் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார்.

"அப்பாவோட டைட்டில் மாரியப்பன். பொண்ணோட டைட்டில் சேகர். அப்புறம் எப்படி இவ உங்க பொண்ணு?"

என் பெயர் சேகர். மாரியப்பன் என் அப்பா. எங்களுக்கு அப்பா பெயர்தான் இனிஷியல், இங்கே டைட்டில் என்கிற குடும்பப் பெயர் கிடையாது என்று எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் சொன்னேன். "டைட்டில் இல்லாத மனுஷன் உண்டா?" என்று சிரித்தார். கவிதாவைப் பிறந்ததிலிருந்து தெரிந்த அக்கம்பக்கத்தார் ஒருவர் அதே தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

கவிதா வெல்டிங் கையுறை தைக்கும் சிறு பட்டறை நடத்துகிறாள். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். பட்டியல் சாதியினர் நடத்தும் தொழில் என்ற சான்று இருந்தால்தான் அரசு டெண்டரில் ஒதுக்கீடு. டெண்டர் முடியப் பதினோரு நாள்தான் இருந்தது. இதுவும் போனால் பட்டறையை மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு கையெழுத்துதானே என்று நினைப்பீர்கள். அந்தத் தாளின் மூன்றாவது வரியில் எங்கள் சாதி இருந்தது. நாங்கள் குடியிருக்கும் டாக்குரியாவில் இருபத்தேழு வருடம் யாரிடமும் சொல்லாதது. மாற்றலாகி வந்த புதிதில், நம் ஊர்க்காரர் ஒருவரே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீடு தர முடியாது என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மூடிய வாய். கவிதாவைக் குழந்தையிலிருந்து அறிந்தவர் பக்கத்து வீட்டம்மா ஒருவர்தான். அண்ணி முறை வைத்து பௌதி என்று கூப்பிடுவோம்; அவர் என்னை அண்ணன் என்ற பொருளில் 'தா' சேர்த்துக் கூப்பிடுவார். எங்கள் வீட்டு ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர். அவர் முகம் மாறிவிட்டால்?

இரண்டு நாள் அவர் கதவு வரை போய்ப் போய்த் திரும்பினேன். வியாழன் காலை முருகன் படத்துக்கு முன் உட்கார்ந்தேன். பாட்டு எதுவும் வாயில் வரவில்லை.

"அப்பனே, அந்தக் கதவை என்னால தட்ட முடியல. நீ பாத்துக்கோ."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அதற்குப் பிறகு சான்றிதழ் வந்துவிட்டது. ஆர்டரில் ஒரு பங்கும் கிடைத்தது. இப்போது யாரிடமும் எதையும் மறைப்பதில்லை. தட்ட முடியாத கதவு உங்களுக்கும் ஒன்று இருக்கும். முருகனிடம் விட்டுவிடுங்கள். அந்த வியாழன் காலை நான் விளக்கை ஏற்றிவிட்டு எழுவதற்குள், தட்டப்பட்டது எங்கள் கதவு.

பௌதி நின்றிருந்தார், மூக்குக்கண்ணாடியோடு.

"கவிதா நேத்து என்கிட்ட அழுதா. அந்தப் பேப்பரைக் கொடுங்க, சேகர்தா."

வாங்கி வரி வரியாகப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து இவளை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததே நான். இதுக்கா ரெண்டு நாளா என் வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பினீங்க? பேனா எங்க?"