உமிக்காற்றில் என் பேஸ் கிட்டார்

என் கையெழுத்து கோழி கிளறின முற்றம் போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மீன் லொறிகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுவது என் தொழில். ஐஸில் மரத்துப்போன விரலுக்குள் பேனை நிற்காது, வழுக்கிவிடும். தடித்த கம்பி என்றால் நிற்கும். அப்படித்தான் ஒரு காலத்தில் பேஸ் கிட்டார் எனக்குப் பிடிபட்டது.

அதில் நாலு கம்பிதான். பாட்டுக்கு அடியில் போகிற வாத்தியம் அது. சனம் பாடுகிறவனைப் பார்க்கும், ட்ரம்ஸ் அடிக்கிறவனைப் பார்க்கும். பேஸ் வாசிக்கிறவன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றால் போதும். கூச்சக்காரனுக்கு மேடையில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

சமாதானக் காலத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து 'உமிக்காற்று' என்று ஒரு ரொக் கசெட் போட்டோம். பாடி லீட் கிட்டாரும் வாசித்தவன் கல்முனையில் என்னோடு படித்த கூட்டாளி. ட்ரம்ஸ் அடித்தவன் காரைதீவுத் தமிழ்ப் பையன். ஸ்டூடியோவுக்குக் கொழும்பு போக வசதியில்லை. சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்காரர் இடம் தந்தார். வெள்ளிக்கிழமை ஆலை ஓடாது, அன்று மட்டும் வாங்க என்றார். சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும். அதைவிட நல்ல ஸ்டூடியோ எங்களுக்குக் கிடைத்திருக்காது.

நானும் பாடகனும் ஜும்ஆ தொழுதுவிட்டு வரும்வரை ட்ரம்ஸ்காரன் ஆலைத் தரையைக் கூட்டி, தும்மித் தும்மி ட்ரம்ஸைப் பூட்டி வைத்திருப்பான். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் ஒவ்வொரு ட்ரம்மாகக் கழற்றிப் பார்த்திருப்பார்கள். அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் அவன் அடிப்பது. எங்களைக் கண்டதும் கேட்பான்:

"அல்லாஹ்விட்ட நல்லாக் கேட்டீங்களாடா, இண்டைக்குக் கரண்ட் போகப்படாதெண்டு?"

கரண்ட் போகவில்லை. கரண்ட்தான் என்னைக் கவிழ்த்தது. ஆலை வயரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் எல்லாப் பாட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. பதியும்போது எங்களுக்கு அது தெரியவில்லை. மட்டக்களப்பிலிருந்து பெரிய ஒலிநாடாச் சுருள் ஓடும் ஸ்பூல் மெஷினோடு வந்திருந்த ஒலிப்பதிவுக்காரர், கசெட்டுக்குப் பிரதி எடுக்கும்போதுதான் கண்டுபிடித்தார். அடியில் இருக்கிற சத்தத்தை வெட்டினால்தான் இரைச்சல் போகும் என்றார். வெட்டினார். இரைச்சல் போனது. அதோடு நானும் போனேன்.

கசெட்டில் பாட்டு இருந்தது, லீட் கிட்டார் இருந்தது, ட்ரம்ஸ் தகரம் தட்டுகிற மாதிரி இருந்தது. பேஸ் இல்லை. ஒரு துளிகூட இல்லை.

கசெட்டும் ஓடவில்லை. ரேடியோவில் போடவில்லை. கல்யாண வீடுகளில் கேட்டவர்கள், என்ன இது, சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். கடைகள் திருப்பித் தந்ததை இரண்டு பெட்டியில் கட்டி என் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அது வலிக்கவில்லை. வலித்தது வேறு.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். வீடு மனைவியுடையது, வந்து உட்கார்ந்து சிரிக்கிறவர்களும் அவளுடைய ஆட்கள். அவள் 'காக்கா' என்று கூப்பிடும் மூத்த சகோதரர் ஹயருக்கு வேன் ஓட்டுகிறவர். வாய்க்குப் பெயர்போனவர். கசெட் வந்த முதல் நாளே இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், ஏ பக்கமும் கேட்டாச்சு, பீ பக்கமும் கேட்டாச்சு. நீங்க வாசிச்ச பக்கம் எங்க இரிக்கு?"

வீடே சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை, ஆனால் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம் என்றால் அவர் தொடங்கிவிடுவார். "மச்சானுக்கு இறைச்சிய வைங்கடாப்பா. பாவம், அவர் கேட்டாலும் ஆருக்கும் கேக்காது." நானும் சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைவேன். நான் வாசித்தேன் என்று எப்படி நிரூபிப்பது? ஒலிப்பதிவுக்காரர் மட்டக்களப்புக்குத் திரும்பிவிட்டார், மிச்சம் இரண்டு கூட்டாளிகளும்தான் சாட்சி. கூட்டாளி கூட்டாளிக்காகத்தானே சொல்வான் என்றார்கள்.

பிறகு கடல் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அது எடுத்தவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அதற்கு என் விரல் காணாது. பாடகனையும் எடுத்தது. கிட்டாரையும் எடுத்தது. தண்ணீர் வடிந்த பிறகு கரையோரத் தாழம் பற்றைகளில் மண்ணிறமான ஒலிநாடா முழம் முழமாகச் சிக்கிக் காற்றில் ஆடியது. என் கட்டிலுக்குக் கீழே இருந்த கசெட்டுகள்தான். அதைக் கழற்றி எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் மச்சான் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். கூடாரத்துக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு வருவார், தலையைக் குனிந்துகொண்டு போவார். ஒரு நாள் பார்சலை நீட்டும்போது நான் ஏதோ மெல்லச் சொன்னேன். அவர் காதைக் கையால் குவித்துக்கொண்டு, "என்ன மச்சான்? பேஸ் கிட்டாரா கதைக்குது?" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். கடல் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அந்தப் பகிடி திரும்பி வந்ததில் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். சீவியம் திரும்பி வருகிறது என்று விளங்கியது. ஆனால் பகிடி வந்தது வந்ததுதான், பிறகு போகவேயில்லை.

ட்ரம்ஸ்காரன் திரும்பவும் சண்டை மூண்ட காலத்தில் வெளிநாடு போனவன். சண்டை முடிந்த பிறகு ஊருக்கு வந்தான். சம்மாந்துறைக்குக் கடல் வரவில்லை என்பது அவனுக்குத்தான் ஞாபகம் வந்தது. ஆலைக்காரரின் அலுமாரியில் நாங்கள் வைத்துவிட்டு வந்த முதல் ஸ்பூல், சத்தம் வெட்டப்படாதது, அப்படியே இருந்தது. கொண்டு போனான். அடுத்த முறை வந்தபோது ஒரு புது சீடியை என் கையில் வைத்தான். பெயர் அதேதான், 'உமிக்காற்று'.

"கொம்பியூட்டரில போட்டுக் கழுவி எடுத்திருக்குடா. ரீமாஸ்டர் எண்டு சொல்றது. ஊத்தைய எடுத்துப்போட்டு ஆள விட்டிருக்காங்க. கேட்டுப் பார்."

அவன் எதிரில் கேட்க எனக்குக் கூச்சம். வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியோடு இருந்து கேட்டேன். எங்கள் சின்ன செட்டில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். முதல் பாட்டுக்கு முன்னே ஆலைக் கூரையில் ஒரு குருவி கத்தியது. பாடகன் மூச்சை உள்ளே இழுத்தான். பழைய கசெட்டில் அந்த மூச்சு இல்லை. ட்ரம்ஸ் தோல் தோலாகவே கேட்டது. நான் என் இடத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பாட்டு முடிந்தது, அடுத்தது தொடங்கியது. நான் அங்கேயும் இல்லை.

"கேக்குதா?" என்றாள்.

"இல்ல."

அவள் எழும்பி முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "காக்காட வேன்ல போட்டுப் பாப்பம், வாங்க. புது ஸ்பீக்கர் பெட்டி பூட்டியிரிக்கார் எண்டு ஊரெல்லாம் பீத்திக்கித் திரியிறாரே" என்றாள்.

"அவருக்கு முன்னுக்கா? அல்லாட காவல்! அதுலயும் கேக்காட்டி?"

"கேக்காட்டி அவர் சிரிப்பார். புதுசா?"

அவளே சீடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மச்சானின் வேனில் சீட்டுக்குக் கீழே பேஸ் ஸ்பீக்கர் ஒன்று, சீமெந்துப் பையளவு. சீடியைப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறுங்க மச்சான், காரைதீவு மட்டும் போய்ட்டு வருவம். இந்தப் பெட்டியிலயும் வராட்டி நீங்க ரோட்டுக்கு இறங்கித் தேடலாம்." நான் முன் சீட்டில், மனைவி பின் சீட்டில்.

குருவி கத்தியது. பாடகன் மூச்செடுத்தான். அடுத்த நொடி என் முதுகில் யாரோ கை வைத்த மாதிரி சீட் அதிர்ந்தது. நான்தான். முதல் கம்பி, மூன்றாவது கட்டை. அங்கிருந்து இறங்கி, நின்று, திரும்ப ஏறி. என் விரல்கள் முழங்காலில் தாமாகவே போயின. பாட்டின் அடியெல்லாம் நான் இருந்தேன். லீட் கிட்டார் எங்கெங்கே பறந்தாலும் கால் வைக்க நிலம் நான் கொடுத்திருந்தேன். எனக்கே அது மறந்து போயிருந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடி நடுங்கியது. அதில் தெரிந்த என் மனைவியின் முகமும் நடுங்கியது, அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

சோதனைச் சாவடி இருந்த இடத்தில் கிழிந்த மண்மூட்டைகள் கிடந்தன. யாரும் எங்களை மறிக்கவில்லை. காரைதீவு தாண்டியும் மச்சான் வேனைத் திருப்பவில்லை. ஐந்தாவது பாட்டு வந்தது, பாடுவதே இல்லாமல் வாத்தியம் மட்டும் போகிற நீளமான ஒன்று. நடுவில் ஒரு இடத்தில் நான் தாளத்தில் ஒரு அடி முந்திப் போய்த் தடுமாறித் திரும்புவேன். பதியும்போது எனக்கு மட்டும் தெரிந்திருந்த பிழை அது. அந்த இடம் வந்தது. மச்சான் படக்கென்று பிரேக் போட்டு வேனை ஓரம் கட்டினார். முகமெல்லாம் வெளிச்சம்.

"ஆ! புடிச்சிட்டன் மச்சான்! இதுல நீங்க பிழை வுட்டிரிக்கீங்க!"

"ஓம்," என்றேன். "நான்தான்."

"தெளிவாக் கேக்குது! ஒரு அடி முந்திப் போறீங்க!"

"ஓம் மச்சான். நான்தான் போறன்."

பின்னாலிருந்து என் மனைவி, "வாசிக்காத ஆள் எப்பிடிக் காக்கா பிழை வுடுற?" என்றாள்.

அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நிமிர்ந்தபோது கண் ஈரமாயிருந்தது. "என்ட புதுப் பெட்டியே எனக்கு ஆப்பு வெச்சிட்டுது," என்றார்.

திரும்பும்போது வேனின் கதவைத் திறந்துவிட்டு, சத்தத்தைக் கூட்டி, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். எங்கள் சந்தித் தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தி, "எழும்பி வாங்கடாப்பா! அடியில இடிக்குதே, அது என்ட மச்சான்!" என்று கத்தினார். கிளாஸும் கையுமாகச் சனம் வந்து வேனைச் சுற்றி நின்றது. நான் சீட்டில் சரிந்து சரிந்து தலை வெளியே தெரியாத அளவுக்குப் போய்விட்டேன். ஆனால் இறங்கி ஓடவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை அங்கேயே இருந்தேன்.

இந்தக் கதையை இப்போது மச்சான்தான் ஊரெல்லாம் சொல்கிறார். சொல்லச் சொல்ல ஸ்பீக்கர் பெரிதாகிறது, கண்ணாடி உடைந்தும் விட்டது. கண்ணாடி உடையவில்லை, நடுங்கியது மட்டும்தான். அதற்காகத்தான் நானே எழுதி வைக்கிறேன். இதை எழுதும்போது என் மனைவி அடுப்படியில் ஆணம் வைத்துக்கொண்டு அந்த ஐந்தாவது பாட்டை முணுமுணுக்கிறாள். மேலே போகிற கிட்டாரை அல்ல, அடியில் போகிறதை. அந்த இடம் வந்ததும் அவளும் ஒரு அடி முந்திப் போகிறாள்.

2011 ஒக்டோபர் 14, வெள்ளிக்கிழமை.